முழங்கால்கள் எங்கே போகின்றன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உறுப்பு தானக் கட்டுரையில், ‘தானமாகக் கிடைக்கும் உடலில் எதுவும் வீணாவதில்லை’ என்றொரு வரியைக் கண்டேன். எழுதியவருக்கு முழங்கால் வலி இல்லை என்று நினைக்கிறேன், நீடூழி வாழட்டும்.

என் மகனுக்கு வயது 26. கபடியில் விழுந்ததில் வலது முழங்காலின் குருத்தெலும்பு அடியெலும்போடு பெயர்ந்துவிட்டது. ரத்த ஓட்டம் இல்லாத குருத்தெலும்பு தானாக வளராது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறந்தவரின் முழங்காலிலிருந்து அதே அளவும் வளைவும் கொண்ட துண்டை எடுத்துப் பொருத்தலாம். ஆனால், மூன்று ஊர்களில் பார்த்த மருத்துவர்களும், “செய்யலாம், திசுதான் கிடைக்காது” என்றே கைவிரித்தார்கள். உறையவைத்தால் அதன் உயிரணுக்கள் மடிந்துவிடும் என்பதால், நான்கு டிகிரி குளிரில் வைத்து, எடுத்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு வாரத்துக்குள் பொருத்தியாக வேண்டுமாம், அதில் தொற்றுப் பரிசோதனைகளுக்கே இரண்டு வாரம் போய்விடுமாம். காப்பீட்டு நிறுவனமோ, இது ‘பரிசோதனை நிலைச் சிகிச்சை’ என்று இரண்டே வரியில் முடித்துக்கொண்டது. அறுபது வயதுவரை பொறுத்திருந்தால் செயற்கை மூட்டுக்குப் பணம் தருவார்கள் போலும்.

சென்ற ஆண்டு என் மைத்துனர் மகன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது சிறுநீரகம், கல்லீரல், கண்கள் என்று கேட்டார்கள், கொடுத்தோம். முழங்காலை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “காலில்லாமலா அனுப்புவது?” என்று உறவினர் சிலர் தயங்கியிருக்கலாம், எடுத்த இடத்தில் கட்டை வைத்துத் தைத்து, உருவம் குலையாமல்தான் தருவார்கள் என்று விளக்கவும் அங்கே ஆளில்லை. உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்குக்குத் தமிழக அரசு 2023இல் அறிவித்த அரசு மரியாதையை நான் குறை கூறவில்லை. அந்த மரியாதையோடுதான் அவனுடைய இரண்டு முழங்கால்களும் எரிந்தன. அன்று என் மகன் ஊன்றுகோலோடு மயானத்தில் நின்றிருந்தான்.

1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் திசுக்களைச் சேர்த்தது 2011ஆம் ஆண்டுத் திருத்தம். 2014ஆம் ஆண்டு விதிகளோடு வந்த தான உறுதிமொழிப் படிவத்தில் எலும்புக்கும் தோலுக்கும் பெயர் உண்டு. குருத்தெலும்பு ‘வேறு திசு’ என்ற வரிக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். தங்கள் பக்கங்களிலும் முழங்கால் என்றால் முடக்கத்தான் தோசையும் மூட்டு மாற்று விளம்பரமும்தான். இது குறித்து நான் முன்பு எழுதிய இரண்டு கடிதங்கள் தங்கள் மேசைக்கு வந்தனவா என்று கேட்டுத் தங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

இக்கடிதத்தை வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை. ‘எதுவும் வீணாவதில்லை’ என்ற அந்த வரிக்கு மட்டும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாமக்கல்.