ஓ.பி. மண்ணில் ஒரு பெண்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குத்தான் இந்த இங்கிலாந்துக் குளிர் ஒத்துவரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களை நியூகாசிலுக்கு வடக்கே கிராம்லிங்டன் பக்கம் கூட்டிப்போனார். அங்கே 'நார்தம்பர்லாண்டியா' என்று ஒரு மண் சிற்பம். மல்லாந்து படுத்திருக்கும் பெண். நீளம் 400 மீட்டர், தலைப்பக்கம் உயரம் 34 மீட்டர். டிக்கெட் கிடையாது.

உனக்கு இதை எழுதக் காரணம், அந்த அம்மாள் முழுக்க நம்ம ஓ.பி. மண், அதாவது கரியை எடுக்க மேலிருந்து வெட்டித் தள்ளும் ஓவர்பர்டன். பக்கத்தில் ஷாட்டன் என்ற திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அங்கே வெட்டிய பாறை, களிமண், மண் எல்லாம் சேர்த்து 15 லட்சம் டன். அதைக் குவித்து, உருவம் பிடித்து, புல் போர்த்திவிட்டார்கள். வடிவமைத்தவர் சார்லஸ் ஜெங்க்ஸ்; திறந்தது 2012-ல். சுரங்கத்தை மூடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், கரி எடுக்கும்போதே முடித்திருக்கிறார்கள். செலவு சுரங்கக் கம்பெனியும் நிலத்துக்காரரும் போட்டது.

நெய்வேலியில் ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அள்ளிப் போடுவோம். பக்கெட் வீல் வெட்டும், கன்வேயர் சுமக்கும், ஸ்பிரெடர் கொட்டும். ஷிஃப்ட் முடிந்தால் எவ்வளவு போச்சு என்பதுதான் கேள்வி; மேடு என்ன வடிவத்தில் நிற்கிறது என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. மேட்டில் மரம் வைத்தோம், இல்லையென்று சொல்லவில்லை.

கீழே நின்றால் பெண்ணும் தெரியாது, ஒன்றும் தெரியாது, வெறும் புல்மேடு. ஏறினால்தான் மூக்கு, உதடு, கண் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடுகிறது. முழு உருவம் மேலிருந்து எடுத்த படத்தில்தான். மாப்பிள்ளை ஃபோனில் காட்டினார். மார்பு மேட்டுப் பக்கம் வரவே மாட்டேன் என்று அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டாள். "பொம்பளை படுத்திருக்கா, மேல ஏறி மிதிக்கச் சொல்றீங்களே!" பிள்ளைகள் அதே மேட்டில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

என் கண் போனது சரிவின் மேல்தான். மழைநீர் அரித்த தடம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இந்த ஊரில் பெய்வது பெரும்பாலும் தூறல். நம்ம ஐப்பசி மழை ஒரு வாரம் அடித்தால் இந்த மூக்கு நிற்குமா என்று கேட்டேன், மாப்பிள்ளை சிரித்தார். நீ சிரிக்கமாட்டாய்.

உங்கள் ஒடிசா சுரங்கத்தில் மண் கொட்டும் டம்ப் மேட்டுக்கு எத்தனை டிகிரி சரிவு வைக்கிறீர்கள்? மேலே இருக்கும் வளமண்ணை முதலிலேயே தனியாக வழித்து வைக்கிறீர்களா, அல்லது பாறையோடு சேர்ந்தே போய்விடுகிறதா? கலந்துவிட்டால் அப்புறம் எந்தச் சிற்பி வந்தாலும் புல் வேர்பிடிக்காது. வைப்பதாக இருந்தால் எங்கே, எவ்வளவு உயரத்துக்குக் குவிக்கிறீர்கள் என்று எழுது. ஃபோனில் சொன்னால் அம்மா நடுவில் சாப்பிட்டாயா என்று கேட்டுக் குழப்பிவிடுவாள்.

அன்புடன்,
அப்பா