கையில் கரையாத பசளை

நானுஓயா

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்குக் கண்ணில் ஆப்பரேஷன், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் பதில் பிந்திவிட்டது. இப்போது நன்றாகத் தெரிகிறதாம். உன் கடிதத்தைக் கையில் வாங்கித் தானே வாசித்தார். "கூடலூரிலும் இப்படித்தான் குளிருமா?" என்று கேட்டார். நீ அவருக்குத் தனியாக நாலு வரி எழுது.

மெதுவாகக் கரையும் பசளை பற்றிக் கேட்டிருந்தாய். போன வருடம் ஒரு பாத்தியில் போட்டுப் பார்த்துவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்லலாம். பூச்செடி நாற்றுமேடையில் வேலை செய்யும் என் தம்பி மகன் இரண்டு கிலோ கொண்டுவந்தான். வெள்ளைக் குருணை. யூரியாவையும் ஃபோமல்டிஹைட் என்ற இரசாயனத்தையும் சேர்த்து மூலக்கூறுச் சங்கிலியாகக் கோத்த சரக்கு. மரத்தூள் பலகை ஒட்டும் பசையும் இதே குடும்பம்தான். பசளைக்கு யூரியாவைக் கூடுதலாகப் போட்டு, சங்கிலி அதிகம் நீளாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

வலது உள்ளங்கையில் யூரியா, இடதில் இது, இரண்டிலும் தண்ணீர் விட்டேன். யூரியா கையைச் சில்லிட வைத்துவிட்டுக் கரைந்து போனது. இது ஆற்றுமணல் மாதிரி அப்படியே கிடந்தது. யூரியாவில் பயிருக்கு வேண்டிய நைதரசன் (தழைச்சத்து) நூற்றுக்கு 46 பங்கு, இதில் 38 அளவில். குறைவுதான். ஆனால் போட்டதில் எவ்வளவு பயிருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதானே கணக்கு?

அதற்கு முந்திய வருடம் கரட்டுக்கு யூரியா தூவி முடித்த அன்றிரவே கொட்டித் தீர்த்தது மழை. விடிந்து பார்த்தால் வடிகால் முழுக்கக் கலங்கல் தண்ணீர். யூரியாவை மண் பிடித்து வைக்காது. மழைக்குத் தப்பியதும் சில நாளில் அமோனியாவாகி, பிறகு நைத்திரேற்று என்ற, நீரில் கரையும் உப்பாகிக் கழுவிக்கொண்டு போய்விடும். எங்கள் ஓடை நானுஓயா ஆற்றில் விழுந்து, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலி ஆற்றுக்குப் போகிறது. வழியில் எத்தனை தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்! அன்றைக்குக் காசு போனதைவிட அதுதான் மனதை அரித்தது.

சரி, லீக்ஸ் பாத்திக்கு வருகிறேன். ஒன்றுக்கு வழக்கம்போல யூரியா, பக்கத்துப் பாத்திக்கு இந்தக் குருணை. முதல் மாதம் யூரியா பாத்திதான் கருகருவென்று நின்றது. மற்றது வெளுத்து நின்றதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். இந்தச் சங்கிலியில் குட்டையானவை சீக்கிரம் கரையும். நீளமானவற்றை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் அறுத்துக் கொடுக்க வேண்டும். அவற்றுக்குச் சூடு தேவை. தை மாதத்துக் காலையில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும் இந்த உயரத்தில் அவை எங்கே வேகமாக வேலை செய்யும்? பிறகு மழை பிடித்துக்கொண்ட நாளில் யூரியா பாத்தி மஞ்சளடித்தது, குருணை பாத்தி மட்டும் அசையாமல் பச்சையாக நின்றது. நான் தினமும் போய்த் தண்டைத் தொட்டுப் பார்ப்பேன்.

என் முடிவு இதுதான்: கால்வாசி யூரியா, முக்கால்வாசி குருணை. ஆரம்பப் பசிக்கு அது, பிற்பாட்டுக்கு இது. கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ் போல நீண்ட நாள் பயிருக்குத்தான் பொருந்தும். ராபுவுக்கு (முள்ளங்கிக்கு) வீண், குருணை வேலை செய்யத் தொடங்கும்போது கிழங்கு சந்தைக்குப் போயிருக்கும். விலைதான் பயமுறுத்துகிறது. பெரிய தோட்டத்துத் தேயிலை மலைக்கெல்லாம் இது கட்டாது. பிளாஸ்டிக் உறை போட்ட யூரியாவும் இருக்கிறது, ஆனால் கரைந்து முடிந்த பிறகு அந்த ஓடு மண்ணிலேயே தங்கிவிடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியை மே மாதம் ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் திரும்பத் திறந்தார்களே, அந்த மாதங்களில் இங்கே பட்ட பாட்டை அப்போதே எழுதியிருந்தேன். குறைத்துப் போடப் பழக வேண்டும் என்பது உண்மை. ஆனால் பழகுவதற்குப் பயிருக்கும் மனிதனுக்கும் கொஞ்சம் காலம் தந்திருக்க வேண்டும். இன்னும் எனக்கு ஆறவில்லை.

இந்தியாவில் உங்கள் பக்கம் 2015இலிருந்து யூரியாவெல்லாம் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது இல்லையா? நைத்திரேற்றாக மாறுவதை அது தாமதப்படுத்துமாம். உன் தேயிலைக்குப் போட்டதில் வித்தியாசம் தெரிகிறதா, முக்கியமாக ஆடி மழையில்? தேதி போட்டுக் குறித்து அனுப்பு. நானும் இந்த முறை இரண்டு பாத்தியையும் நிறுத்துப் பார்த்து எழுதுகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய வாங்குத் தோழன்