விருந்தல்ல, பத்திரப்பதிவு

ஆசிரியருக்கு,

கனடாவின் மேற்குக்கரைப் பழங்குடிகள் பற்றிய ஞாயிறு கட்டுரை, சிம்ஷியன் மக்களின் 'பாட்லாட்ச்' விருந்தை வெறும் பரிசளிப்புக் கொண்டாட்டமாகக் காட்டிவிட்டது. உண்மையில் அது அவர்களுடைய பத்திரப்பதிவு. தாய்வழியில் வரும் பட்டப்பெயரையும் அதோடு சேர்ந்த மீன்பிடி இடத்தின் உரிமையையும் ஒருவர் ஏற்கும்போது, பரிசு வாங்கும் விருந்தினர்தான் சாட்சி. 1885 முதல் 1951 வரை கனடா அரசு இந்த விருந்துக்கு விதித்திருந்த தடை அந்த நிலச் சட்டத்தின் மீதே விழுந்த அடி.

அந்தக் கரையிலுள்ள துறைமுக நகரான பிரின்ஸ் ரூபர்ட்டில் வேலை பார்த்தபோது, ஓர்க்கா திமிங்கிலம் செதுக்கிய மரத்தூணைச் சாமி என்று நினைத்துக் கைகூப்பப் போனேன். "கும்பிடுவதற்கு அல்ல, அது ஒரு குடும்பத்தின் வரலாறு" என்று சிரித்தார் உடனிருந்த பெரியவர். சிம்ஷியன்களின் அண்டை இனமான கிட்சான் மக்களும் வெட்சுவெட்டென் மக்களும் சேர்ந்து தொடுத்த நில உரிமை வழக்கில், இப்படிப்பட்ட வாய்மொழி வரலாற்றையும் சாட்சியமாக ஏற்க வேண்டும் என 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. அத்தீர்ப்பைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.