ஆய்வு போஸ்டர்கள் நூலகத்திற்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களுக்கென்றே ‘யுரேகா’ ஆய்வுத் திட்டம் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் மாணவர்களுக்கும் அத்தகைய வாய்ப்பு உண்டு. பட்டம் வாங்கும் முன்பே ஆய்வுக்கூடத்தில் இராப்பகலாக உழைக்கும் இப்பிள்ளைகளின் வேலையை வெளியுலகம் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அண்மையில் என் மகள் பங்கெடுத்த மாணவர் ஆய்வரங்கு (மாணவர்கள் தங்கள் ஆய்வை போஸ்டர்களில் வைத்து விளக்கும் நிகழ்ச்சி) வேலை நாளில் நடந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வந்திருந்த பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அங்கே கொசு ஆய்வு போஸ்டர் ஒன்றின் முன் ஒரு பாட்டி நின்றுவிட்டார். “எங்கள் புளோக்கிலேயே கொசுவைக் கொண்டுவந்து விடுகிறார்களே, இது நியாயமா தம்பி?” என்று கேட்டார். தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016 முதல் தெம்பனிஸ், ஈசூன் எனப் பல வட்டாரங்களில் செய்துவரும் வோல்பாக்கியா திட்டத்தைத்தான் சொன்னார். போஸ்டரின் அருகே நின்ற மாணவர் பிளாஸ்டிக் உறையிலிருந்த மெல்லிய பலகைத் துண்டை நீட்டி, கையில் ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்தார். பலகையில் மிளகுத்தூள் சிந்தியதுபோல் ஏடிஸ் கொசு முட்டைகள். “விடுவது ஆண் கொசுக்களைத்தான் பாட்டி, அவை கடிக்காது. அவற்றின் உடலில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கிறது. இங்குள்ள பெண் கொசு அவற்றோடு சேர்ந்தால், இடும் முட்டை பொரிக்காது. போகப்போக டெங்கி பரப்பும் கொசு குறைந்துவிடும்” என்று நிதானமாக, நல்ல தமிழில் சொன்னார். பாட்டி விடவில்லை, மழை பெய்தால் என்ன ஆகும், பல்லி தின்றால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தனைக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. எத்தனை துண்டுப் பிரசுரம் அச்சிட்டாலும் இப்படி ஒருவரின் பயத்தைப் போக்க முடியுமா?

மறுநாளே அந்த போஸ்டர்களைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். மனது கேட்கவில்லை.

ஆய்வரங்கு முடிந்த வார இறுதியில் அவற்றை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்திலோ வட்டார நூலகங்களிலோ வைக்கலாம். தொடக்கக்கல்லூரி மாணவர்களும் தாத்தா பாட்டிகளும் அங்கே வருவார்கள். ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழாவில் கவிதைக்கும் பட்டிமன்றத்திற்கும் இடம் இருப்பதுபோல், நம் மாணவர்கள் தங்கள் ஆய்வைத் தமிழில் விளக்கவும் ஒரு பிற்பகலை ஒதுக்க வேண்டும். விழாவை நடத்தும் வளர்தமிழ் இயக்கமும் பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களும் கைகோத்தால் இது பெரிய வேலையே அல்ல. தங்கள் நாளிதழும் வாரம் ஒரு மாணவரின் ஆய்வை வெளியிட்டு இதைத் தொடங்கிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி