பெப்டைடு போய்ச் சேரும் இடம்

ஆசிரியருக்கு,

வணக்கம். குடல், தோல் அழற்சிக்குப் பெப்டைடுகள் (அமினோ அமிலங்களின் சிறு கோவைகள்) உதவக்கூடும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரை, கேபிவி என்ற குட்டிப் பெப்டைடை முன்வைத்து எழுதப்பட்டிருந்தது. அது அழற்சியைத் தணிக்கும் விதத்தைக் கட்டுரை சரியாகவே சொல்கிறது. ஆனால் விழுங்கியது பெருங்குடல் வரை போகுமா, தடவியது தோலுக்குள் இறங்குமா என்பதைத் தொடவே இல்லை. மருந்தாக்கம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

லைசின், புரோலின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களின் கோவை கேபிவி. 13 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா-எம்எஸ்எச் ஹார்மோனின் வால்துண்டு இது. தோலைக் கருக்கச் செய்யும் பகுதி அந்த ஹார்மோனின் நடுவில் இருப்பதால் இந்தத் துண்டுக்கு அந்தக் குணம் கிடையாது. செல்லுக்குள் நுழைந்ததும் என்எஃப்-கப்பா-பி என்ற அழற்சி விசையை அடக்குகிறது. உள்ளே விடும் வாசல், பெப்டி1 என்ற கடத்திப் புரதம். குடிநீரில் கலந்து கொடுத்தபோது சுண்டெலிகளின் பெருங்குடல் அழற்சி குறைந்ததாக 2008இல் ஓர் ஆய்வு வந்தது. மனிதர்களில் அதே பலனை நிறுவிய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. கட்டுரை இந்த ஒரு வரியையாவது சேர்த்திருக்கலாம்.

விழுங்கியதெல்லாம் செரித்துவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தவறு. சிறுகுடலில் புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதி லைசினுக்கு அடுத்து வெட்டும். ஆனால் அங்கே புரோலின் நின்றால் பெரும்பாலும் வெட்டாது. கேபிவி அப்படித் தப்பிக்கிறது. குடல் சுவரில் உள்ள டிபிபி-4 நொதி வேறு ரகம். இரண்டாம் இடத்தில் புரோலின் இருக்கும் பெப்டைடைத் தேடிப்பிடித்து வெட்டுவதே அதன் வேலை. அதையும் கடந்து மிஞ்சுவதைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்ளும். பெப்டி1 மிகுதியாக இருப்பது அங்கேதான். ஆக, சாதாரண கேப்சூலில் விழுங்கியதில் பெருங்குடலுக்கு எஞ்சுவது சொற்பம். இதனால்தான் ஆய்வாளர்கள் ஆல்ஜினேட், கைட்டோசான் கூழ்களிலும் நுண்துகள்களிலும் அதைப் பொதிந்து அனுப்பிப் பார்த்தார்கள். பிஎச் (அமில-காரத்தன்மை அளவு) 7ஐ ஒட்டிக் கரையும் மேலுறை இல்லாத கேப்சூலைப் ‘பெருங்குடலுக்கானது’ என்று விற்றால் நம்ப வேண்டாம். புரத உணவோடு சேர்த்து விழுங்கினால், செரிமானத்தில் உண்டாகும் மற்ற குட்டிப் பெப்டைடுகளும் அதே வாசலுக்குப் போட்டியிடும். செஃபலெக்சின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகளும் அதே வழியில்தான் உள்ளே போகின்றன.

அடுத்தது எடைக் கணக்கு. ‘99 சதவீதத் தூய்மை’ என்ற எச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) சான்று, வேறு பெப்டைடுகள் கலக்கவில்லை என்பதை மட்டுமே காட்டும். பொடியில் உப்பாக ஒட்டியிருப்பது அதில் தெரியாது. கேபிவியின் மூலக்கூறு எடை 342. அதில் காரத்தன்மையுள்ள இடங்கள் இரண்டு. தயாரிப்பின்போது இரண்டிலும் டிரைஃப்ளூரோ அசெட்டிக் அமிலம் (ஒன்றுக்கு 114) ஒட்டினால் மொத்தம் 570. அதாவது 10 மில்லிகிராம் பொடியில் உண்மையான பெப்டைடு 6 மில்லிகிராம். ஈரம் இருந்தால் இன்னும் குறைவு. எனவே சான்றில் ‘நிகரப் பெப்டைடு அளவு’ என்ற வரியைத் தேட வேண்டும். பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினையும் எச்பிஎல்சி காட்டாது, அதற்குத் தனிச் சோதனை உண்டு. ஊசிக்குப் பயன்படும் எதற்கும் அது இல்லாமல் முடியாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023இல் கேபிவி, பிபிசி-157 என்ற இன்னொரு பெப்டைடு இரண்டையும் பாதுகாப்புக் கவலை உள்ள பட்டியலில் வைத்ததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை.

தோல் பற்றிச் சுருக்கமாக. 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறு தோலின் மேலடுக்கைத் தாண்டுவது கடினம் என்பது பொதுவிதி. கேபிவி அதற்குள் அடங்கினாலும் நீரில் கரையும் வகை என்பதால் கொழுப்பு நிறைந்த அந்த அடுக்கில் தயங்கி நிற்கும். வெடித்த, காயம்பட்ட தோலில் இறங்கும், முழுத் தோலில் அவ்வளவாக இறங்காது. செம்பு சேர்ந்த ஜிஎச்கே என்ற பெப்டைடுப் பூச்சைப் போட்ட கையோடு வைட்டமின் சி பூச்சைப் போடக் கூடாது. செம்பு அயனி அந்த வைட்டமினை வேகமாக ஆக்சிஜனேற்றிக் கெடுத்துவிடும். ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். எல்எல்-37 என்ற பெப்டைடோ, முகம் சிவக்கும் தோல்நோயான ரோசேசியாவில் அழற்சியைத் தூண்டும் பக்கம் நிற்கிறது. பெப்டைடு என்றாலே தணிக்கும் என்று எண்ணுவோர் கவனிக்க.

பலன் தெரிகிறதா என்று பார்க்க வயிறு லேசாக இருக்கிறது என்ற உணர்வு போதாது. மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவை முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக இயல்பு, 250ஐத் தாண்டினால் அழற்சி மும்முரம். சோதனைக்கு முந்தைய நாட்களில் ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரை சாப்பிட்டிருந்தால் எண் பொய்யாக ஏறும். மலத்தில் ரத்தம், எடைக்குறைவு, இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் பெப்டைடுப் பேச்சுக்கே இடமில்லை, மருத்துவரிடம் போக வேண்டும். குடல் அழற்சி மருந்தான மெசலசின் எடுப்பவர்கள் இதை நம்பி அதை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையின் பெட்டிச் செய்தியில் ஊசி அளவு ‘10 யூனிட்’ என்று அச்சாகியுள்ளது. இன்சுலின் சிரிஞ்சில் யூனிட் என்பது கொள்ளளவு. யூ-100 வகை சிரிஞ்சில் 100 யூனிட் 1 மில்லிலிட்டர். 10 மில்லிகிராம் குப்பியை 1 மில்லிலிட்டரில் கரைத்தால் 10 யூனிட்டில் 1 மில்லிகிராம், 2 மில்லிலிட்டரில் கரைத்தால் அதில் பாதி. எவ்வளவு நீரில் கரைத்தது என்று சொல்லாமல் யூனிட் கணக்கை அச்சிட்டால் வாசகர் அவரவர் ஊகத்துக்குக் குத்திக்கொள்வார். அடுத்த இதழில் அந்தப் பெட்டியைத் திரும்பப் பெற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மருந்தாக்கவியல் வாசகர்