காசிமேட்டிலிருந்து கோர்க்காவுக்கு அனுப்பி வைத்தவர்களுக்கு

எங்கள் தெருவுக்கும், வலை பின்னும் தாத்தாவுக்கும், கேரம் கிளப் அண்ணன்களுக்கும், மேஸ்திரி பெரியப்பாவுக்கும் வணக்கம்.

ஊர் திரும்பிப் பத்து நாளாகிறது. பார்த்தவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன். ஆனால் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் பாதிப் பேர் கடலுக்குப் போய்விட்டீர்கள். உங்களுக்காகத்தான் இந்த மடல்.

தடைக்காலத்தில் நம் தெருவில் யார் கையிலும் காசு புரளாது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நான், நேபாளத்தில் பள்ளிக்கூடம் கட்டப் போகிறேன் என்று வந்து நின்றேன். “நம்ம வூட்டு ஒழுகல யாரு அடைக்கிறது?” என்று ஆயா கேட்டது நியாயமான கேள்வி. அப்படியும் சீட்டுக்கார அக்கா, அம்மாவின் முறை வரும் முன்பே பணத்தை எடுத்துக் கொடுத்தார். கேரம் கிளப் போட்டியில் ஜெயித்த பணத்தைத் தந்தது. மேஸ்திரி பெரியப்பா தன் பழைய கையுறை இரண்டு ஜோடியைக் கொடுத்து, “காசு இல்லம்மா, இது இருக்கு” என்றார். போகிற வழியெல்லாம் அந்தக் கையுறை யாருக்குத் தேவை என்று நினைத்தேன். மன்னியுங்கள் பெரியப்பா.

முதலில் விசாரித்த, தன்னார்வ வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி இரண்டு வாரத்துக்குக் கேட்ட தொகையில் எங்கள் வீட்டுக்கு மாடியே போட்டுவிடலாம். கல்லூரியில் எங்கள் சிவில் சார்தான், கோர்க்கா மாவட்டத்துப் பள்ளி நிர்வாகக் குழு ஒன்றிடம் நேரடியாகப் பேசிக் கொடுத்தார். சாப்பாடும் படுக்கையும் அவர்கள் பொறுப்பு, வண்டிச் செலவு நம் பொறுப்பு. விசா கிடையாது, வாக்காளர் அட்டையைக் காட்டி எல்லையை நடந்தே தாண்டினேன். நம் 100 ரூபாய் அங்கே 160 ரூபாய் என்றதும் அம்மாவுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

2015 ஏப்ரல் 25-ஆம் தேதி 7.8 அளவில் வந்த நிலநடுக்கத்தின் மையம் அந்த மாவட்டத்துப் பார்பாக் கிராமம். சுமார் 9,000 பேர் செத்துப்போனார்கள். அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தபோது உள்ளே பிள்ளைகள் இல்லை. நான் போன பள்ளியின் பழைய சுவரில் ஒரு துண்டை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். மண் சாந்து வைத்து அடுக்கிய கல், நடுவில் பொடிக்கல். ஆட்டம் வந்ததும் சுவர் இரண்டு தோலாகப் பிரிந்து விழுந்திருக்கிறது. இப்போது கட்டும் சுவரில் சீரான இடைவெளியில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நீளும் கல் ஒன்றைக் குறுக்கே வைக்கிறார்கள். ஜன்னலுக்குக் கீழும் மேலும் சுற்றிலும் கான்கிரீட் பட்டை ஓடுகிறது.

ஆனால் எனக்குக் கொடுத்த வேலை சுவரில் இல்லை. பள்ளிக்குப் பின்னால் சரிவு. மழைக்கு முன் அங்கே தாங்குசுவர் எழும்பியாக வேண்டும். அதற்குக் கம்பியை வலையாகப் பின்னி, 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரத்துக்குக் கூண்டு செய்து, உள்ளே கல் நிரப்பி அடுக்குவார்கள். கேபியன் என்று பாடத்தில் படித்திருக்கிறேன், படம்தான் பார்த்ததில்லை. சிமெண்ட் இல்லாததால் தண்ணீர் கல்லுக்குள்ளேயே வடிந்துவிடும். மலை கொஞ்சம் நகர்ந்தால் வெடிக்காமல் வளைந்து கொடுக்கும்.

வலை என்றதும் எனக்குத் திமிர் வந்துவிட்டது. எட்டு வயதில் வலைத் தாத்தா மடியில் உட்கார்ந்து கண்ணி போட்டவள் அல்லவா! கம்பியைக் கையில் வாங்கி, ஒரே முறுக்கு முறுக்கி, விறுவிறுவென்று ஒரு வரிசை முடித்தேன். தலைமைக் கொத்தனார் தாய் (அங்கே அண்ணனைத் தாய் என்றுதான் கூப்பிட வேண்டும், முதல் நாள் எனக்கு வாய் வரவில்லை) வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஒரு கம்பியைக் கட்டரால் நறுக்கினார். என் வரிசை பல்லிளித்தது. அவர் வரிசையிலும் ஒன்றை நறுக்கினார், அசையவில்லை. இரட்டை முறுக்கு. ஒரு கம்பி அறுந்தாலும் அடுத்த கண்ணிக்குப் பிரியாது. “பிஸ்தாரை, பஹினி” என்றார். மெதுவாக, தங்கச்சி.

அதோடு முடியவில்லை. நம் கடற்கரையில் லாரியிலிருந்து கல் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், கூண்டுக்குள் கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் முழுக் கூண்டையும் காலி செய்யச் சொன்னார்கள். வெளிமுகத்தில் தட்டையான பெரிய கல்லைக் கையால் பொருத்த வேண்டும், பாதியில் நிறுத்தி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூண்டு வயிறு தள்ளும். அரை நாள் கூலி என்னால் வீண். பெரியப்பாவின் முதல் ஜோடிக் கையுறை கிழிந்ததும் அன்றுதான்.

என் வண்டிச் செலவில் அங்கேயே ஓர் ஆளைச் சில நாள் வேலைக்கு வைத்திருக்கலாம் என்று படுக்கும்போது தோன்றியது. இன்னும் தோன்றுகிறது. மூன்றாவது வாரத்தில் நான் பின்னிய இரண்டு கூண்டுகளைக் கொத்தனார் தாய் நறுக்கிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

இரண்டு வேளையும் பருப்பும் சோறும் போட்டு, மீன் இல்லாமல் நான் முழிப்பதைப் பார்த்து ஊறுகாயை ஒளித்து வைத்துக் கொடுத்த சமையல் அக்காவுக்கும் நன்றி. தமிழ் படிக்கத் தெரியாது அவருக்கு, இருந்தாலும் எழுதுகிறேன். தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்ட அம்மாவுக்கு ஒரு வார்த்தை: அங்கே நம்மைவிட 15 நிமிடம் முன்னால். எனக்கு எட்டேகால் ஆகியிருக்கும். தாமதமாக எடுத்தேன் என்று நீ திட்டியதெல்லாம் செல்லாது.

மிச்சம் 640 ரூபாயைச் சீட்டுக்கார அக்காவிடம் சீட்டுக் கணக்கில் கட்டிவிட்டேன்.

அப்புறம், தாத்தா. நீங்கள் கொடுத்த வலை ஊசி கம்பி வேலைக்கு ஆகவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து வாலிபால் வலை நடுவில் கிழிந்து, பந்து அதன் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தது. நைலான் நூல் வாங்கி அதைத் தைத்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் குந்திப் பார்த்தாள், மறுநாள் கடைசி இரண்டு கண்ணியை அவளே போட்டாள். ஊசியைத் திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் வந்து புதிது வாங்கித் தருகிறேன்.

உங்கள் தெருப் பெண்
காசிமேடு
வட சென்னை