'ரெடி' வருகிறதா, தம்பி?

அன்புள்ள தம்பி,

ஹெட் காஸ்கெட், அதுதான் என்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கிற தகடு, அதை மாற்றிக் கராஜிலிருந்து எடுத்தும் கார் ஸ்டார்ட் ஆகவில்லையாம், அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம். சரி, அதை விடு. உன்னுடையது பெற்றோலிலும் பெரிய பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட், 2012 பிரியஸில் ஹெட் காஸ்கெட் போவது புதிதில்லை, என்ஜினுக்குள் திரும்பப் போகிற புகையை ஆற்றுகிற ஈஜிஆர் கூலர் கரி பிடித்து அடைபட்டுத்தான் அநேகமாக இது வருகிறது, அதையும் கழற்றிக் கழுவினார்களா என்று கேள், காஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால் திரும்பவும் இதே செலவு வரும்.

முதலில் டாஷில் 'ரெடி', கார் ஓடத் தயார் என்கிற எழுத்து, வருகிறதா என்று பார். லைட் எல்லாம் எரிந்து அது மட்டும் வரவில்லையென்றால் என்ஜினைப் பிடித்துக்கொண்டு நிற்காதே. டிக்கியில் இருக்கிற சின்ன 12 வோல்ட் பற்றரிக்கு மீற்றர் வை, நல்ல பற்றரி 12.6 காட்டும், 12க்குக் கீழே என்றால் சார்ஜ் பண்ணு. கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பற்றரியை இணைக்கிற சுவிட்சை, ரிலேயை, இழுப்பது அந்தச் சின்னன்தான், கராஜில் கார் சும்மா நின்ற நாட்களில் இறங்கியிருக்கும். அடுத்தது சர்வீஸ் பிளக், பெரிய பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கிற செம்மஞ்சள் கைபிடி. அதைக் கழற்றியவர்கள் திரும்பச் செருகிவிட்டுக் கைபிடியைக் கடைசிவரை தள்ளிப் பூட்டாமல் விட்டால், பார்வைக்குச் சரியாகவே இருக்கும், கார் ரெடிக்கு வராது. ஸ்கேனரில் பி0ஏ0டி என்ற பிழைக் கோட் வந்தால் அந்தப் பக்கம்தான் பார்க்கவேண்டும்.

ஆனால் நீயே கழற்றப் போகாதே. உள்ளே 200 வோல்ட், பிளக்கை இழுத்த பிறகும் பத்து நிமிடம் இன்வெர்ட்டரில் கரண்ட் நிற்கும். செம்மஞ்சள் வயரில் கை வைக்காதே.

நேற்று உன் குட்டி அம்மாவோடு கதைத்தாளாம். பள்ளிக்கூட நாளில் வவுனியாவில் நிற்கிறாள், அம்மம்மா வீட்டுக் கோழிக்குஞ்சுகளைப் பற்றித்தான் முழுக்கக் கதை. அம்மா என் முகத்தைப் பார்த்தா, நான் ஒன்றும் கேட்கவில்லை.

ரெடி வந்து, என்ஜின் சுற்றியும் பற்றாமல் டாஷில் சிவப்பு முக்கோண லைட் விழுகிறது என்றால் அது வேறு. கிராங் சென்சர், எயர் ஃபுளோ சென்சர், காயில், இப்படிக் கழற்றின கனெக்டர் ஏதாவது பூட்டாமல் கிடக்கும், இல்லாவிட்டால் டைமிங் செயின் குறி தப்பியிருக்கும். பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்காதே, என்ஜினைச் சுற்றுவது பெரிய பற்றரி, அது இறங்கினால் சாதாரண சார்ஜரால் ஏற்ற முடியாது. செம்மஞ்சள் வயரும் கவனம், திரும்பவும் சொல்கிறேன்.

ஓ.எல். படிக்கும்போதே சின்னம்மா வீட்டுத் தண்ணீர் பம்பைத் தனியாகக் கழற்றிப் பூட்டினவன் நீ, அவ இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறா. அந்தப் பிள்ளை கஷ்டத்தை வாயால் சொல்ல மட்டும் பழகவில்லை. கராஜ்காரனுக்குக் கொடுக்கக் காசு குறைந்தால் கேள், யாரிடமும் வட்டிக்கு வாங்காதே.

ஸ்கேனரில் வருகிற பிழைக் கோட் என்னவென்று எழுதி அனுப்பு. ஞாயிறு இரவு பஸ்ஸில் வரட்டா? மீற்றர் என்னிடம் இருக்கிறது, சமையலையும் நான் பார்த்துக்கொள்கிறேன். வரவேண்டாம் என்றால் அதையாவது எழுது.

அப்பா